ஏழாம் மாத ஊசி எந்த வீட்டுப் பொறுப்பு?

ராயபுரம், திருப்பூர்.

மதிப்பிற்குரிய சம்பந்தியம்மா ரஹ்மத்துன்னிசா அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கு நானும் என் இரத்த அழுத்தமும் நலம். மங்கலத்தில் தாங்களும் எங்கள் மருமகள் சாயிமாவும் நலமாயிருக்க துஆ செய்கிறேன். போன் என்றால் தாங்கள் பேசுவீர்கள், நான் "சரிங்க" என்பேன். ஆகவே கடிதம். இதில் வருபவை:

1. சாயிமாவின் இரத்தம்.
2. ஏழாம் மாத ஊசி.
3. இதைச் சாயிமாவிடம் சொல்லக் கூடாது.

முதலாவது. சாயிமா ஓ நெகட்டிவ். இதைச் சொன்னபோது, "நெகட்டிவ்னா நல்லதுதானுங்களே, கொரோனாவுல அதுக்குத்தானே அந்தப் பாடு பட்டோம்" என்று மகிழ்ந்தீர்கள். நானும் சரிங்க என்றுவிட்டேன். அது நோயல்ல, உண்மைதான்; ஆனால் என் மகன் தௌபிக் பாசிட்டிவ். குழந்தை அவனைக் கொண்டு பிறந்தால், அதன் இரத்தம் பிரசவத்தில், சில சமயம் அதற்கு முன்பே, தாயின் இரத்தத்தில் கலந்துவிடலாம். தாயின் உடல் அதை அந்நியமென்று எண்ணி எதிர்ப்பை வளர்த்துக்கொள்ளும். முதல் பிள்ளை பெரும்பாலும் தப்பிவிடும். அடுத்த பிள்ளையின் இரத்தத்தை அந்த எதிர்ப்பு வயிற்றுக்குள்ளேயே அழிக்கக்கூடும். அந்த எதிர்ப்பு வராமல் தடுப்பதற்கே ஊசி; வந்தபின் அதனால் பயனில்லை. நாம் இன்னும் பெயர்கூட நினைக்காத ஒரு பிள்ளையை இப்போதே காப்பாற்ற வேண்டியிருக்கிறது.

இரண்டாவது. ஊசி ஏழாம் மாதத்தில் ஒன்று. பிறந்த குழந்தை பாசிட்டிவ் என்றால் மூன்று நாளுக்குள் இன்னொன்று. அதே ஏழாம் மாதத்தில்தான் தாங்கள் பெண்ணை அழைத்துப்போனீர்கள். தௌபிக்கைக் கேட்டால், "அது அவங்க ஊட்ல பாத்துக்குவாங்க அத்தா" என்கிறான். தாங்களோ கார் ஏறும்போது, "ஆஸ்பத்திரி வேலையெல்லாம் உங்க ஊட்லயே முடிச்சிருப்பீங்கல்லங்க" என்றீர்கள். அதற்கும் சரிங்க என்றேன். தைக்கிற யூனிட்டில் செக்கிங் முடிந்ததென்று பேக்கிங்காரர் இருக்க, பேக்கிங்கில் பார்ப்பார்களென்று தைக்கிறவர் இருக்க, ஓட்டை பனியன் கப்பலேறிய கதை நம் ஊரில் எத்தனை!

மூன்றாவது. அந்தப் பெண் பயந்துவிடும். சத்து ஊசி என்று சொல்லி அழைத்துப்போங்கள்.

அனைவருக்கும் என் ஸலாம். அல்லாஹ் இரு உயிரையும், இனி வரவிருக்கும் உயிரையும் காப்பானாக.

நஜீமுதீன்

பி.கு.: உறையை ஒட்டும்போது சாயிமாவே போன் செய்தாள்.

"மாமா, அந்த ஊசிய இங்க வர்றதுக்கு முந்தின நாளே போட்டுட்டேனுங்க. கம்பெனி லஞ்ச் டைம்ல போயிட்டு வந்துட்டேன்."

"ஏன் கண்ணு எங்கிட்ட சொல்லல?"

"நீங்க பயந்துக்குவீங்க. இல்லீன்னா லெட்டர் எழுதுவீங்க."

நான் உறையை மெல்லக் கீழே வைத்தேன். அவள் குரல் தணிந்தது. "கொழந்த பொறந்ததும் ரத்தம் பாத்தாச்சான்னு நீங்க கேளுங்க மாமா. எனக்கு அப்ப நெனப்பு இருக்காது. எழுதாதீங்க. நேர்ல வந்து சத்தமாக் கேளுங்க."

இம்முறை நான் சரிங்க என்று சொல்லவில்லை. "கேக்கறேன் கண்ணு" என்றேன்.

இரண்டாவது ஊசி பாக்கியிருப்பதால் கடிதத்தை அனுப்புகிறேன். மூன்றாவது தலைப்பு தவறு, தயவுசெய்து அடித்துவிடவும்.