புளியண்ணை துலக்கிய பெயர்கள்

திருகோணமலைத் துறைமுகப் பகுதியில், நல்லெண்ணம் ஒன்றையே கருவியாகக் கொண்டு, புளியண்ணை அழித்த அளவுக்கு மனிதர்களின் பெயர்களை வேறு எவரும் அழித்ததில்லை. உப்புக்காற்றுக்கூட அவருக்கு அடுத்தபடிதான்.

பழைய வெண்கலப் பலகைகளைத் துலக்கிப் புதுக்குவது அவர் தொழில். பழப்புளி, அடுப்புச் சாம்பல், தேங்காய்த் தும்பு ஆகிய மூன்றைத் தவிர எதையும் அவர் நம்பியதில்லை. கோவில் குத்துவிளக்குக்குப் பொருந்துவது பெயர்ப்பலகைக்கும் பொருந்தும் என்பது அவர் சித்தாந்தம். குத்துவிளக்கில் எழுத்து இல்லை என்னும் சிறு வேறுபாட்டை அவருக்கு உணர்த்த முயன்று தோற்றவர்களுள், தமிழாசிரியனான நானும் ஒருவன்.

வெண்கலத்தில் களிம்பேற்றும் கடலை அவர் மன்னித்ததே இல்லை. இறங்குதுறையில் உள்ள சாய்மானமற்ற வாங்கில் அமர்ந்தாலும் கடலுக்கு முதுகு காட்டியே அமர்வார்.

"உதின்ர முகத்தில முழிக்க ஏலாது, மாஸ்டர். நான் காலமை துலக்க, அது பின்னேரம் பச்சை பூசுது."

எங்கள் தெரு மருத்துவர் ஒருமுறை தம் பெயர்ப்பலகையை இவரிடம் ஒப்படைத்தார். அது முகம் பார்க்கும் கண்ணாடியாகத் திரும்பி வந்தது. பெயர் மங்கலாக எஞ்சியிருந்தது. பட்டங்கள் முற்றாக மறைந்திருந்தன.

"அண்ணை, பளபளப்பு நல்லம். நான் படிச்ச படிப்பெங்கை?"

"நீங்கள் டொக்டர் எண்டு ஊருக்கே தெரியும். பிறகென்னத்துக்கு எழுத்து?"

"வெளியூர்ச் சனம் என்னைப் பாத்திரக்கடைக்காரன் எண்டு நினைச்சு அண்டா விலை கேக்குது!"

மூதூர்ப் படகு புறப்படும் இறங்குதுறைச் சுவரில், கடலுக்குச் சென்று மீளாதோரின் பெயர்களைத் தாங்கிய பலகை ஒன்று உண்டு. அதில் புளியண்ணையின் தம்பி தவராசாவும் ஒருவர். அவருடைய உடல் கரைசேரவில்லை. அண்ணனுக்கு எஞ்சியது அந்த ஒரு வரிதான்.

வெள்ளிதோறும் அப்பலகையைத் துலக்குவார். புளி புதிதாகவும் கை வலுவாகவும் இருக்கும்போதே தம்பியின் பெயரில் தொடங்குவார். மனம் ஆறாமல் இறுதியிலும் அங்கேயே வந்து முடிப்பார்.

"அண்ணை, எழுத்துத் தேயுது. மெல்லிய துணியால துடைச்சாப் போதும்."

"அவன் சின்னனிலயும் ஊத்தையோட நிக்கமாட்டான், மாஸ்டர்."

சொல்லிக்கொண்டே இன்னும் அழுத்தித் தேய்த்தார்.

ஒரு வெள்ளிக்கிழமை என்னைக் கைபிடித்து இழுத்துச் சென்றார்.

"தடவிப் பாருங்கோ. என்ர கண் மங்கிப்போச்சு. பேர் இருக்குத்தானே?"

தடவினேன். ஏனையோரின் பெயர்கள் விரலில் தட்டின. அந்த ஓரிடம் மட்டும் வழவழவென்றிருந்தது. விரலை அங்கேயே மேலும் கீழும் ஓட்டித் தேடினேன்.

"கடல் ஒருக்காத்தான் கொண்டுபோனது," என்றார். "நான் வெள்ளிக்கு வெள்ளி..."

புதிய பலகை வார்த்துத் தருவதாகப் படகோட்டிகள் சங்கத்தார் முன்வந்தனர். "பிழை விட்டது நான். மற்றவையின்ர பேரை ஏன் கழட்டவேணும்?" என்று மறுத்துவிட்டார். அன்றோடு புளியையும் தும்பையும் கைவிட்டார். வெள்ளிதோறும் வெறுங்கையுடன் வந்து, கடலுக்கு முதுகு காட்டி அமர்ந்து, பலகையில் களிம்பேறுவதைப் பார்த்துக்கொண்டிருப்பார். அருகே நின்று ஆறுதல் கூற முயல்வேன். அவர் காதில் எதுவும் விழாது.

சென்ற வாரம், படகுக்குக் காத்திருந்த மூதூர் முஸ்லிம் பெண்மணி ஒருவர் பலகையை உற்றுநோக்கிவிட்டுப் புளியண்ணையிடம் திரும்பினார்.

"அண்ணன், இந்த இடம் மட்டும் ஏன் வெறுமையா இரிக்கி?"

புளியண்ணை தலையைக் குனிந்துகொண்டார். படகில் கயிறு அவிழ்த்துக்கொண்டிருந்தவன் அங்கிருந்தே கத்தினான்:

"அது தவராசா, உம்மா! புளியண்ணையின்ர தம்பி. துறைக்கு வாற சனமெல்லாம் அவனைத்தான் கேக்குது. எழுத்தோட நிக்கிறவையை ஆர் பாக்கினம்?"

"தவராசா," என்று அப்பெண்மணி மெல்லச் சொல்லிப் பார்த்துவிட்டுப் படகேறினார்.

படகின் ஒலி அடங்கும்வரை புளியண்ணை பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்னர் வாங்கின் மறுபுறமாகக் கால்களைத் தூக்கிப் போட்டு, கடலை நோக்கி அமர்ந்தார். பக்கத்தில் எனக்கும் இடம் விட்டிருந்தார்.