இடிதாங்கியின் அக்கா

"ஃப்ரிட்ஜை அணைக்கணும்" என்றார் ஒலிப்பதிவாளர். காலையில் வந்ததிலிருந்து அவர் பேசியது அவ்வளவுதான். பெரிய ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு கூடத்து மூலையில் உட்கார்ந்துவிட்டார்.

ஃப்ரிட்ஜை அணைத்தார்கள். மின்விசிறியையும் அணைத்தார்கள். டிக் டிக் என்கிறது என்று சுவர்க் கடிகாரத்தை இறக்கி மெத்தைக்கு அடியில் வைத்தார்கள். வியர்த்துக் கொட்டியது. ஆனாலும் அக்கா முதுகைச் சாய்க்கவில்லை. ஓய்வுபெற்ற தலைமையாசிரியை அவர். சாய்வதற்கென்று அந்தக் குடும்பத்தில் யாரும் நாற்காலி வாங்கியதில்லை.

விஷயம் இதுதான். அக்காவின் தம்பி 'இடிதாங்கி' என்ற ராக் இசைக்குழுவின் பாடகர். குழு தொடங்கி முப்பத்தைந்து ஆண்டுகள் ஆகிவிட்டன என்று ஆவணப்படம் எடுக்கிறார்கள். அதில் டிரம்ஸ் வாசிப்பவர், "பாவம் சார், இவனைப் பட்டினியா வீட்டை விட்டுத் துரத்திட்டாங்க இவன் அக்கா" என்று கேமராவைப் பார்த்துச் சொல்லிவிட்டாராம். தாய் தகப்பன் இல்லாத தம்பியைத் தாயாக இருந்து வளர்த்தவர் அக்கா. செய்தி எட்டிய உடனே இயக்குநரைத் தொலைபேசியில் பிடித்தார்.

"நாளைக்கே வாங்க. எங்க வீட்டுப் பேச்சை நாங்க பேசிக்கறோம். தாளம் தட்டறவன் பேச வேண்டாம்."

தம்பியும் கிட்டாரோடு வந்திருந்தார். அறுபதை எட்டப்போகும் வயதில் நரைமுடியை ரப்பர் போட்டுக் கட்டியிருந்தார். "நீ சமையலறையில இரு. பெரியவங்க பேசறப்போ குறுக்க வராதே" என்றார் அக்கா. அரங்குகளை அதிர வைத்த மனிதர், "சரிக்கா" என்று போய்விட்டார்.

இயக்குநர் ஓர் இளம்பெண். "ஆரம்பிக்கலாமா மேடம்? அன்னிக்கு என்னதான் நடந்தது?"

"வேலைக்கு உத்தரவு வந்திருந்தது. அது வேண்டாம், பாடப் போறேன்னான். போடான்னேன். ஆனா சாப்பிட்டுட்டுத்தான் போனான். மறுசோறு வேற கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். பட்டினி கிட்டினின்னு சொல்றவன் நாக்கு அழுகிப் போகும்."

"அப்போ சந்தோஷமாத்தான் அனுப்பி வச்சீங்க?"

"யார் சொன்னது? 'குடும்ப மானத்தை மேடையேத்தப் போற. உன் பாட்டு இந்தக் காதுல விழாது'ன்னு வாசல்ல நிக்க வச்சுச் சொன்னேன். எங்க வீட்டுல சொன்ன சொல் சொன்னதுதான்."

"நிஜமாவே விழலையா?"

"ஒரு பாட்டுகூடக் கேட்டதில்ல."

சமையலறையில் ஒரு தம்ளர் கீழே விழுந்து உருண்டது. ஒலிப்பதிவாளர் முகத்தைச் சுளித்தார். இயக்குநருக்கோ கண்கள் பளபளத்தன.

"பிரமாதம் மேடம்! படத்தோட முடிவே இதுதான். ஊரே கேட்டுச்சு, அக்கா மட்டும் கேட்கல."

அக்காவுக்குச் சுரீர் என்றது. பட்டினி போட்டவள் என்ற பழியைத் துடைக்கப் போய், கல்நெஞ்சக்காரி என்ற பழியை எடுத்துப் பூசிக்கொண்டாயிற்று.

"அதை அழிச்சிடும்மா. மறுபடி சொல்றேன்." தொண்டையைச் சரிசெய்துகொண்டார். "நான் கேட்டதில்ல. ஆனா நல்லாப் பாடறான்னு நாலு பேர் சொல்றாங்க."

"ஐயோ, இது இன்னும் உருக்கமா இருக்கே!"

"உருக்கம் எதுக்கு? கௌரவமா இருந்தாப் போதும். இப்படி வச்சுக்கோ: பாட்டுக் கேட்க எனக்கு நேரமில்ல. ஆயிரம் பிள்ளைங்களைப் பார்த்துக்க வேண்டியிருந்தது."

"ஆயிரம் பிள்ளைங்களைப் பார்க்க நேரமிருந்துச்சு... சொந்தத் தம்பிக்கு மட்டும் இல்ல..." இயக்குநர் முணுமுணுத்தபடியே குறித்துக்கொண்டார்.

கேள்வி கேட்டே பழகியவருக்குப் பதில் சொல்வது இவ்வளவு வழுக்கும் என்று இதுவரை தெரியாது. அக்கா ஒரு முடிவுக்கு வந்தார்.

"சரி, அவனைக் கூப்பிடு. இப்பவே ஒரு பாட்டுப் பாடட்டும். உன் கேமரா முன்னாலயே கேட்டுடறேன். தீர்ந்தது வழக்கு."

கூப்பிடாமலே தம்பி வந்து நின்றார்.

"வேண்டாங்க்கா."

"என்னடா வேண்டாம்?"

"எனக்காக நீ சொன்ன சொல்லை மாத்த வேண்டாம். ஒவ்வொரு மேடையிலயும், எங்கயாவது உக்காந்திருப்பியோன்னு தேடுவேன். லைட்டு கண்ணுல அடிக்கும், சத்தம் காதை அடைக்கும். ஒண்ணும் தெரியாது. வரலைன்னா வரலைன்னே இருக்கட்டும். கேமராவுக்காகக் கேட்டா மட்டும் எனக்குத் தாங்காது."

வாசலில் திட்டு வாங்கியபோதுகூட அவன் இப்படித் தலைகுனிந்து நின்றதில்லை. அக்கா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் பக்கத்து வீட்டுக்காரி ஜன்னலில் முகத்தை வைத்தாள்.

"என்ன டீச்சர், அழுகைச் சத்தம் மாதிரி கேட்குது? ஏதாவது பிரச்சினையா?"

வீட்டுப் பேச்சு வீதிக்குப் போவதா? அக்கா சட்டென்று சிரித்தார்.

"அழுகையாவது? தம்பி பாடப்போறான். சும்மா வந்து கேட்டுட்டுப் போ."

பக்கத்து வீட்டுக்காரி சும்மா வரவில்லை. புருஷனைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அவர் தம் நண்பர்களைக் கூட்டி வந்தார். சற்று நேரத்தில் தெருவே கூடத்தில் இருந்தது. "இடிதாங்கி! இடிதாங்கி!" என்று கூச்சல். தப்பிக்க வழியில்லாமல் தம்பி கிட்டாரை எடுத்தார்.

அக்கா எழுந்தார். "நீங்க எல்லாரும் நல்லாக் கேளுங்க. எனக்கு உள்ள வேலை இருக்கு" என்று படுக்கையறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். இனி யாரும் அவர் சொல் தவறினார் என்று சொல்ல முடியாது.

இயக்குநர் துள்ளினார். "கேமராவைக் கதவுப் பக்கம் திருப்பு! தம்பி பாடறார், அக்கா கதவு மூடியிருக்கு. அழாதவங்களும் அழுவாங்க!"

தம்பி அந்தக் கதவைப் பார்த்தார். ஆட்டம் போடும் பாட்டு எதையும் எடுக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, மெல்ல நடக்கும் ஒரு பழைய பாட்டின் முதல் சுரங்களை மீட்டினார். கூட்டம் முதலில் அடங்கியது. பிறகு முன்வரிசைக்காரர்கள் கைப்பேசியைத் தூக்கிக்கொண்டு எழுந்தார்கள். ஒருவர் நாற்காலியின் மேலேயே ஏறினார்.

படுக்கையறைக் கதவு ஒரு விரலளவு திறந்தது. உள்ளே மின்விசிறியும் இல்லை. காற்றுக்காகத்தான் இருக்க வேண்டும். பிறகு ஒரு சாண் திறந்தது. அதற்குப் பிறகு படாரென்று முழுவதும் திறந்துகொண்டது.

"ஏய்! முன்னால நிக்கறவங்க எல்லாரும் உக்காருங்க! பின்னால இருக்கறவங்க மனுஷங்க இல்லையா?"

தெரு மொத்தமும் உட்கார்ந்தது. இயக்குநரும் உட்கார்ந்துவிட்டார். கிட்டார் நின்றது. தம்பி கண்ணைத் திறந்து பார்த்தார்.

மூலையில் இருந்த ஒலிப்பதிவாளர் மெதுவாக ஹெட்போனைக் கழற்றினார்.

"அட, நீங்களாம்மா அது? எந்த ஊர்க் கச்சேரி டேப்பை எடுத்தாலும் இந்தப் பாட்டு ஆரம்பிக்கறப்போ இதே அதட்டல்தான்! இதை அழிக்க முடியாமத்தானே மூணு மாசமா நான் முட்டிக்கிட்டிருக்கேன்!"