புறாப் புத்தகத்தின் ஐந்து பிரதிகள்

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நான் சுகம். நீயும் அத்தானும் சுகமாக இருப்பீர்கள், அடுத்த பத்திக்குப் போகும் வரைக்கும்.

புத்தகம் போச்சு அக்கா. புத்தகம் இருக்கிறது; விலை போச்சு. சனிக்கிழமைக்குள் முன்பணம் கட்டாவிட்டால் உன் தையல் கடைச் சாவியைக் கட்டடச் சொந்தக்காரரிடம் ஒப்படைக்க வேண்டும் என்பதை நான் மறக்கவில்லை. இன்று வியாழன். நடந்ததை வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

நீ வாங்கிய பழைய தையல் மெஷினின் இழுப்பறைக்குப் பின்னால் சிக்கிக் கிடந்த அந்தப் புறா வளர்ப்புப் புத்தகத்தை, நீ சொன்னபடியே செய்தித்தாளில் சுற்றி, மழை படாமல், பழைய புத்தகக் கடைக்காரரிடம் கொண்டுபோனேன். அவர் அதைப் படிக்கவில்லை. முகர்ந்தார். பக்கம் பக்கமாக முகர்ந்தார்.

"நூத்திப் பத்து வருஷம் இருக்கும் தம்பி. ஆனா வயசுக்கெல்லாம் விலை கிடையாது. இருந்தா என் வீட்டுல என்னையே வித்திருப்பாங்க. உலகத்துல இது எத்தனை இருக்குன்னு பாருங்க. ஒண்ணுதான்னா நீங்க சொல்றது விலை. ரெண்டுன்னா பேசலாம். அதுக்கு மேலன்னா எடை போடலாம்."

மூன்று நூலகங்களுக்கு எழுதினேன். மூன்றிலும் இல்லை. அந்த மூன்று பதில்களையும் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நான்கு நாள் திரிந்தேன். அங்கே நிறுத்தியிருக்கலாம். ஆனால் நான் பிழை திருத்துபவன். பிழையே இல்லாத பக்கத்தைப் பார்த்தால்தான் எனக்குச் சந்தேகமே வரும். அதனால் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தேன்: ‘இந்நூல் வேறு யாரிடமும் இல்லை என்று உறுதி செய்துகொள்ள வேண்டியிருப்பதால், வைத்திருப்பவர்கள் உடனே தெரிவிக்கவும்.’

எங்கள் அச்சகத்து பைண்டர் அண்ணன் அதைப் படித்துவிட்டு என்னையே பார்த்தார். "ஏம்பா, இல்லைன்னு தெரிஞ்சுக்க ஊரையே தேடச் சொல்றியா? எல்லாரும் தேடுனா அது கிடைக்காம என்ன செய்யும்?"

கிடைத்தது. முதலில் ஒரு பல் மருத்துவர், அவருடைய நோயாளிகள் உட்காரும் நாற்காலி ஆடுகிறதென்று அதன் காலுக்கடியில் இத்தனை வருடம் முட்டுக் கொடுத்திருந்தாராம், விளம்பரம் பார்த்து உருவியதில் ஒரு நோயாளி சாய்ந்து விழுந்து, பல் பிடுங்க வந்தவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு போனாராம், அதற்கும் நான்தான் பொறுப்பு என்கிறார், அடுத்த நாள் ஓய்வுபெற்ற ரயில்வே கார்டு ஒருவர், மூன்று தரம் படித்திருக்கிறாராம், புறாவின் சளிக்கு மருந்து சொல்லும் இடத்தில் சந்தேகம் இருக்கிறதாம், நான் தீர்த்துவைக்க வேண்டுமாம், அதற்கடுத்த நாள் ஒரு கணக்கு டீச்சர், போன வெள்ளிக்கிழமை பெயர் போடாத ஒருவர், விலாசம் மட்டும், "சும்மாவே தர்றேன், வந்து எடுத்துட்டுப் போங்க, என் பெண்டாட்டி புத்தகத்தோட என்னையும் வெளிய போகச் சொல்றா." முதல் கடிதத்தில் என் மனக்கண்ணில் உன் கடையின் ஷட்டர் போயிற்று அக்கா. இரண்டாவதில் வெட்டுமேசை. மூன்றாவதில் மெஷின். நான்காவதைப் பிரிக்கும்போது நீ வெறும் தரையில் நின்றுகொண்டிருந்தாய்.

நான் வாயை மூடிக்கொண்டிருந்த வரைக்கும்தான் அது அரிய புத்தகம்.

கடைக்காரரிடம் போய்ச் சொன்னேன். அவர் நான்கு விலாசங்களையும் குறித்துக்கொண்டார். "எதுக்கும் நானும் ஒரு வரி கேட்டு எழுதறேன்" என்றார். ஆறுதலுக்குச் சொல்வது குரலிலேயே தெரிந்துவிடும்.

ஒரே ஒரு நல்ல காரியம் செய்தேன். புத்தகத்தை என்னிடம் கொடுக்கும்போது, நடுவிலிருந்த அந்தச் சாம்பல் புறாப் படத்தைத் தடவி, "இதைக் குடுக்கத்தாண்டா மனசு வரல" என்றாயே. கழுத்தில் மட்டும் துளி நீலம், கையால் தீட்டியது. எடைக்குப் போகிற புத்தகத்தில் அது எதற்கு? பைண்டர் அண்ணனிடம் கொடுத்து, பிசிறில்லாமல் அறுத்து எடுத்து, இரண்டாக மடித்து, நேற்றே தபாலில் சேர்த்துவிட்டேன். இன்றோ நாளையோ கையில் கிடைக்கும். எங்கே கடை போட்டாலும் மாட்டிக்கொள்.

சாவியைக் கொடுத்துவிடு. கொடுக்கும்போது அழாதே, அந்த ஆளுக்கு அது வட்டி மாதிரி. ஞாயிற்றுக்கிழமை சாமான் தூக்க வருகிறேன். அத்தானுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு முத்தம். உன் கைக்கும் கத்தரிக்கோலுக்கும் ஒரு குறையும் வராமல் இருக்க வேண்டும்.

என்றும் உன்
தம்பி

பின்குறிப்பு: சாவியைக் கொடுக்காதே. உறையை ஒட்டிக்கொண்டிருக்கும்போது கடைக்காரர் அச்சகத்துக்கே ஓடிவந்துவிட்டார். "தம்பி! நாலு பேரும் பதில் போட்டுட்டாங்க. ஒருத்தர்கிட்டயும் படம் இல்ல! யாரோ எப்பவோ பிச்சு எடுத்துச் சட்டம் போட்டு மாட்டிட்டாங்க. முழுசா இருக்கிறது உங்களது ஒண்ணுதான். வாங்கறவரையே கூட்டிட்டு வந்துட்டேன், எடுங்க, எடுங்க!" பைண்டர் அண்ணன் கையிலிருந்த கத்தியை மெதுவாக மேசைக்கடியில் வைத்தார். நான் உண்மையைச் சொன்னேன். கடைக்காரர் காகிதக் கட்டின்மேல் உட்கார்ந்துவிட்டார். வாங்க வந்தவர் மட்டும் யோசித்து, படம் கெடாமல் வந்து சேர்ந்தால் பாதி விலை தருவதாகச் சொல்கிறார். உன் முன்பணத்துக்கு அந்தப் பாதி விலையே போதும் அக்கா. அதனால் இதைத் தபாலில் போடாமல் மூன்று மணி பஸ் கண்டக்டர் கையில் கொடுத்தனுப்புகிறேன். படம் இன்னும் வரவில்லை என்றால், வந்ததும் பிரிக்காமல் அப்படியே திருப்பி அனுப்பு. பிரித்துவிட்டிருந்தால் ஆணி அடிக்காதே. நடுவில் மடிப்பைப் பார்த்ததும் உன் கை தானாக அயர்ன் பாக்ஸுக்குப் போகும், எனக்குத் தெரியும், போகவிடாதே, தண்ணீர் தெளித்துவிடாதே. ஏற்கெனவே தேய்த்தாகிவிட்டது என்றால், பட்டுக்கு வைக்கிற சூடா, பருத்திக்கு வைக்கிற சூடா என்று மட்டும் இதே கண்டக்டரிடம் சொல்லி அனுப்பு. வாங்க வந்தவர் கேட்கிறார்.