பூட்டு அக்காவுக்கு ஓர் எதிரி தேவை

விரோதத்தை இவ்வளவு உருப்படியான காரியத்துக்குப் பயன்படுத்திய மனிதர், மலேசியாவின் கெடா மாநிலத்தில் மட்டுமல்ல, கடல் தாண்டித் தேடினாலும் எங்கள் பூட்டு அக்காவைத் தவிர வேறு யாரும் கிடைக்கமாட்டார். மற்ற இடங்களில் இரண்டு பேர் முறைத்துக்கொண்டால், நாலு பேர் நடுவில் போய்ச் சமாதானம் பேசுவார்கள். எங்கள் பஸ்ஸில் இரண்டு பேர் முறைத்துக்கொண்டால் அக்கா சந்தோஷமாக ஓடிவந்து ஆளுக்கொரு சாவியைக் கையில் திணிப்பார்.

பஸ் என்றால் தொழிற்சாலை பஸ். விடிவதற்குள் கோலா கெத்திலில் புறப்பட்டு, வழியில் தோட்டத்து முச்சந்திகளில் நிற்பவர்களை எல்லாம் அள்ளிக்கொண்டு, சுங்கைப்பட்டாணியில் ஒரு கையுறைத் தொழிற்சாலை வாசலில் கொண்டுபோய்க் கொட்டும். நான் அங்கே ஸ்டோர் கிராணி, அதாவது குமாஸ்தா. அக்கா சோதனைப் பிரிவு. கையுறையில் காற்றை ஊதி எங்கே ஓட்டை என்று கண்டுபிடிப்பதுதான் அவர் வேலை. பஸ்ஸில் ஏறிய பிறகும் அதே வேலையைத்தான் செய்தார், கையுறைக்குப் பதில் எங்கள் சட்டைப் பையில்.

ஜனவரி மாதம் முதல் வேலை நாளன்று பஸ்ஸில் ஒவ்வொருவராக எழுந்து நின்று, அந்த வருடம் எதற்காகக் காசு சேர்க்கப்போகிறோம் என்று எல்லார் காதிலும் விழும்படி சொல்ல வேண்டும். பந்து விளையாட்டில் முன்பல்லைத் தொலைத்த, பஸ்ஸின் சொந்தக்காரரும் டிரைவருமான ராஜு அண்ணன், பல் செட் என்பார். கேன்டீன் சரோஜா, தையல் மெஷின் என்பார். நான் கேமரா என்றேன். சொன்னவர் எல்லாரும் ஒரு பெரிய பிஸ்கட் டின் வாங்கி, வெல்டிங் கடையில் கொடுத்து, மூடியில் காசு போட ஒரு கீறலும் பூட்டு மாட்ட ஒரு வளையமும் வைத்துக்கொள்ள வேண்டும். டின் நம் வீட்டில் இருக்கும். சாவி மட்டும், நம்மைக் கண்டால் ஆகாத ஒருவரிடம் டிசம்பர் வரை இருக்கும்.

"பேங்க்ல போட்டா என்னக்கா?" என்று கேட்டேன்.

"பேங்க்ல போட்டா போன்ல தெரியும் தம்பி. போன்ல தெரிஞ்சா கட்ட வெரலு சும்மா இருக்குமா? சாயங்காலம் ஆபர்னு ஒன்னு வரும், மறுநாளு வாசல்ல பொட்டலம் வந்து நிக்கும்."

"சரி, சாவிய சொந்தக்காரங்ககிட்ட குடுக்கலாமே?"

"குடுத்தேன் லா. என் தங்கச்சிகிட்ட குடுத்தேன். மார்ச்லயே போயி, ஹாலுக்கு கர்ட்டன் போடணும்னு லேசா கண்ண கசக்குனேன். பாவம் அக்கான்னு தூக்கிக் குடுத்துட்டா. பாசக்காரங்கள நம்பி காசு சேக்க முடியாது."

அடுத்த வருடம், சாக்கடைத் தகராறில் பேச்சு நின்றுபோயிருந்த பக்கத்து வீட்டுக்காரியிடம் சாவியைக் கொடுத்தாராம். பாதி வருடத்தில் போய்க் கேட்டபோது, அந்த அம்மாள் கேட்டில் சாய்ந்து கச்சான் கடலை தின்றுகொண்டே, "முடியாது" என்றாராம். "அந்த முடியாதுல எவ்ளோ சந்தோசம் தெரியுமா தம்பி! அந்த வருசந்தான் பிரிட்ஜ் வாங்குனேன்" என்றார் அக்கா. அன்றோடு அவருக்கு ஞானம் பிறந்துவிட்டது.

ஜனவரியில் அவர் ஜோடி சேர்க்கும் அழகைப் பார்க்க வேண்டும். கல்யாணத் தரகர் தோற்றுவிடுவார்.

"இந்த பஸ்ல யாரக் கண்டா ஒனக்கு ஆகாது?"

"அப்படி யாரும் இல்லக்கா."

"பொய் சொல்லாத. மூஞ்சப் பாத்தாலே பத்திக்கிட்டு வருதுன்னு ஒருத்தராச்சும் இருப்பாங்க. நல்லா யோசி."

யோசித்தேன். பேக்கிங் பிரிவு தேவி, என் ஜன்னலோர சீட்டில் தினமும் தன் பையை வைத்து இடம் பிடிப்பது நினைவுக்கு வந்தது. அக்கா கையைத் தட்டினார். என் சாவி தேவியிடம் போனது, தேவியின் சாவி என்னிடம் வந்தது. கேன்டீன் மிளகாய்ச் சம்பாலில் லாரிக்கு ஊற்றுகிற அளவு எண்ணெய் மிதக்கிறது என்று சொல்லி மாட்டிக்கொண்ட ராஜு அண்ணனுக்கு சரோஜா.

இந்த ஏற்பாட்டில் ஒரே ஒரு ஓட்டை இருந்தது. ஓட்டை பார்ப்பதையே தொழிலாகக் கொண்ட அக்காவின் கண்ணில் அது மட்டும் படவில்லை. சம்பள நாளன்று எதிரி நம்மைக் கண்காணிக்க வேண்டும் என்பது விதி. தேவி வீடியோ காலில் வருவார்.

"டின்ன ஆட்டிக் காட்டுங்க கிராணி. சத்தம் கேக்கணும்."

"நோட்டு எப்படிம்மா சத்தம் போடும்?"

"அப்ப சில்லறையும் போடுங்க."

இப்படியே மாதாமாதம் டின்னை ஆட்டிக்கொண்டிருந்தால் பகை எத்தனை நாளைக்குத் தாங்கும்? கொஞ்ச காலத்தில், "என்ன கிராணி, மூஞ்சி வாடிப்போயிருக்கு, காச்சலா?" என்று தேவி கேட்க ஆரம்பித்தார். ஒருநாள் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரத்தை எனக்கே விட்டுக்கொடுத்தார். இன்னொரு நாள் ராஜு அண்ணனும் சரோஜாவும் ஒரே கறிபாப் பலகாரத்தைப் பிட்டுத் தின்று சிரித்துக்கொண்டிருந்ததை அக்கா பார்த்துவிட்டார். பதறிப்போய் நடுவில் புகுந்தார்.

"சரோஜா, ஒஞ் சம்பால இவரு என்னா சொன்னாரு, ஞாபகம் இருக்குல்ல?"

"இருக்குக்கா. அதான் இப்ப எண்ணெய கொறச்சிட்டேன்."

அக்கா அப்படியே சீட்டில் சாய்ந்துவிட்டார். வருடா வருடம் இதே கதை. ஜனவரியில் முறைத்தவர்கள் டிசம்பரில் ஒரே தட்டில் சாப்பிட்டார்கள். கடைசியில் எங்கள் பஸ்ஸில் விரோதிகளுக்குப் பெரிய தட்டுப்பாடு வந்துவிட்டது.

அதில் அதிகம் அடிபட்டவர் அக்காதான். அவருடைய ஒரே மகள் கடல் தாண்டி சபா மாநிலத்தில் ஆசிரியை. ஒரு கிறிஸ்துமஸுக்காவது அங்கே போய், மகள் எந்த அறையில் தூங்குகிறாள், எந்தக் கடையில் மீன் வாங்குகிறாள் என்று தன் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்பது அவர் ஆசை. ஜனவரி தவறாமல் எழுந்து நின்று, "கிறிஸ்மஸுக்கு சபா" என்பார். ஆனால் அந்தச் சாக்கடைத் தகராறுக்காரி பண்டார் பாருவுக்குக் குடிபோய்விட்டார். அதன் பிறகு அவர் சாவியை வைத்திருந்த எல்லாருமே அவர்மேல் உயிரை வைத்திருந்தவர்கள். கேட்டதும் கொடுத்தார்கள். அக்கா தனக்கென்று ஒரு வெள்ளிக் காசு எடுத்ததில்லை. ஒரு வருட டிக்கெட், ராஜு அண்ணனின் பஸ்ஸுக்கு டயராக ஓடியது. இன்னொரு வருட டிக்கெட், புயல் காற்றில் பறந்த சரோஜா வீட்டுக் கூரையாகப் போய் உட்கார்ந்தது. அந்தக் கிறிஸ்துமஸ் அன்று, மகள் அங்கே போனுக்கு முன்னால் கேக் சாப்பிட, அக்கா இங்கே போனுக்கு முன்னால் கேக் சாப்பிட்டார். நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். என் துண்டைத் தட்டிலேயே வைத்துவிட்டேன்.

சென்ற ஆண்டு ஜனவரியில் அக்கா எதிரி தேடிப் புறப்பட்டார். வாய்க்கு வந்தபடி எல்லாரையும் திட்டினார்.

"ராஜு, நீ பஸ் ஓட்டுறியா, மாடு மேய்க்கிறியா?"

"அக்காவுக்கு நேரமாவுதா? சரி சரி, கொஞ்சம் வேகமா போறேன்."

"தேவி, என்னாடி இது, பொடவையா, கர்ட்டன் துணியா?"

"நல்லா இருக்குல்லக்கா? ஒங்களுக்கும் ஒன்னு எடுக்கவா?"

என்னிடம் வந்து, "நீ பத்திரிகையில எழுதுறதெல்லாம் ஒரு எழுத்தா?" என்றார். இதை நான் வீட்டிலேயே தினமும் கேட்பதால் உறைக்கவில்லை. சிரித்துவிட்டேன். அக்கா சோர்ந்துபோய் என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"தம்பி, எனக்கு எதிரி கெடைக்க மாட்டான் போலருக்கு. நீயே இரு."

"நானா? ஒங்கள எனக்குப் புடிக்குமேக்கா!"

"புடிச்சா என்னா, நடி. ஒனக்குத்தான் ஸ்டோர்ல நின்னு இல்ல, இல்லன்னு சொல்லிப் பழக்கம்."

சாவி என் கைக்கு வந்தது. அன்று முதல் அவரைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது, காலை வணக்கம் சொல்லக் கூடாது என்று உத்தரவு. நானும் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டேன். அக்கா திரும்பிப் பார்த்து, "இன்னும் கொஞ்சம்" என்று சைகை காட்டுவார்.

ஆகஸ்ட் வரை நாடகம் நன்றாகவே ஓடியது. அப்போது தேவியின் மகனுக்கு பாலிடெக்னிக்கில் இடம் கிடைத்தது. லேப்டாப் வேண்டும். தேவியின் டின்னில் அவ்வளவு சேரவில்லை. தேவி யாரிடமும் வாய் திறக்கவில்லை. ஆனாலும் எங்கே காற்று இறங்குகிறது என்று அக்காவுக்குத் தெரியாதா? டீ நேரத்தில் ஸ்டோருக்கு வந்து கவுன்டரில் கையை நீட்டினார்.

"சாவி குடு."

"இல்ல."

"நடிப்பு போதும் தம்பி. இது நெசம். தேவி மவனுக்கு லேப்டாப் வேணும்."

"நானும் நடிக்கலக்கா. இல்ல."

"நான் அடுத்த வருசம் போய்க்கிறேன் லா!"

"போன வருசமும் இதத்தான் சொன்னீங்க."

அக்காவின் முகம் சிவந்துவிட்டது. "கல்நெஞ்சக்காரா!" என்று அவர் போட்ட சத்தத்தில் போர்க்லிப்ட் ஓட்டுகிறவர் வண்டியை நிறுத்திவிட்டார். கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. போனுக்கு முன்னால் கேக் தின்ற அந்த முகம் மட்டும் நினைவுக்கு வராமல் இருந்திருந்தால் கொடுத்திருப்பேன்.

அன்று மாலையே ராஜு அண்ணனிடம் விஷயத்தைச் சொன்னேன். அவருடைய மச்சான் சுங்கைப்பட்டாணியில் பழைய லேப்டாப்பைச் சரிசெய்து விற்கிறவர். தவணையில் தருகிறேன் என்றார். அந்த வாரமே தேவி வீட்டுக்கு லேப்டாப் வந்துவிட்டது. எல்லாருக்கும் சந்தோஷம், அக்காவைத் தவிர.

"சாவி கேட்டா குடுக்காதவன் மனுசனா?" என்று அவர் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். நடிப்பில்லை, நிஜமான பகை. நான் ஏறினால் அவர் முகம் ஜன்னல் பக்கம் திரும்பும். ஆனால் காலையில் எனக்குத் தரும் நாசி லெமாக் தேங்காய்ச்சோற்றுப் பொட்டலம் மட்டும் நிற்கவில்லை. ராஜு அண்ணன் வழியாக வந்தது. "இத அந்தக் கல்நெஞ்சன்கிட்ட குடு. வெறும் வயித்தோட வந்து நிக்கிது." பிரித்துப் பார்த்தால், எப்போதும் இருக்கும் முழு முட்டைக்குப் பதில் அரை முட்டை இருந்தது. அந்த அரை முட்டையைத் தின்னும்போதெல்லாம் எனக்கு அழுகை வரும்.

டிசம்பர் முதல் ஞாயிறு, சர்ச்சில் பூசை முடிந்து அக்கா வீட்டு போர்ச்சில் எல்லாரும் கூடினோம். எல்லா டின்னும் திறந்தாயிற்று. கடைசியாக அக்காவின் டின். சாவியைப் போட்டுத் திருப்பினேன். அசையவில்லை. டின் சமையலறைச் சிங்க்குக்குக் கீழேயே இருந்து இருந்து பூட்டு துருப்பிடித்திருந்தது.

"எண்ணெ வேணும்" என்றேன்.

"சரோஜா, ஒஞ் சம்பால கொண்டா!" என்றார் ராஜு அண்ணன்.

சரோஜா அவர் முதுகில் ஒன்று போட்டுவிட்டுத் தேங்காய் எண்ணெய் கொண்டுவந்தார். ஊற்றித் திருப்பினேன். அப்போதும் அசையவில்லை. பின்னாலிருந்து, மாதக்கணக்கில் என்னோடு பேசாத ஒரு குரல் கேட்டது.

"அழுத்தித் திருப்பு லா! ஸ்டோர்ல பூட்டே தொறந்ததில்லையா நீ?"

பூட்டு திறந்துகொண்டது. நோட்டுகள் பிதுங்கி வெளியே வந்தன. தேவி எண்ணினார். போகவும் வரவும் டிக்கெட் எடுத்து, மகளுக்கு ஒரு புடவையும் எடுக்கலாம் என்றார். அக்கா போர்ச்சுத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். நன்றி என்ற சொல்லெல்லாம் அவர் வாயில் வராது.

"தேவி," என்றார், "அவனுக்குச் சோறு போடு. முழு முட்டையா வை."

பினாங்கு விமான நிலையத்துக்கு ராஜு அண்ணன் தன் பஸ்ஸையே எடுத்துவிட்டார். புதுப் பல் தெரியச் சிரித்துக்கொண்டே ஓட்டினார். உள்ளே போகுமுன் அக்கா கைப்பையைத் துழாவி அந்தச் சாவியை எடுத்து என் கையில் வைத்தார்.

"ஜனவரில மறுபடி போடுவேன். நீயே வச்சிக்க. ஆனா ஒன்னு, இப்பவே சொல்லிட்டேன், என்னப் பாத்து சிரிச்சிடாத."

சரி என்றேன். இப்போதும் காலையில் பஸ்ஸில் ஏறியதும் அவரைப் பார்க்காதது மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்த்தான் உட்காருகிறேன். அவர் மறுபடியும் மகளைப் பார்க்கப் போகவேண்டும் அல்லவா?