சிங்கம் தவறிப்போன வெள்ளிக்கிழமை

உ
சிவமயம்

லா சப்பல், பாரிஸ்
19.7.1986, சனிக்கிழமை

அன்புத் தம்பி தில்லையம்பலத்துக்கு,

நைரோபியில் நீ நேரத்துக்குச் சாப்பிட்டு, பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் கணக்குப் படிப்பித்து, ஒரு குறையுமில்லாமல் இருக்க வேண்டுமென்று விளக்கு வைக்கும்போதெல்லாம் உன் பெயரையும் சேர்த்தே சொல்லிக் கும்பிடுகிறேன். இங்கே மகன் மகேந்திரராசா, மருமகள் கோசலை, பேத்தி பூரணி, நான், நாலு பேரும் சுகம். என் இடது கையைத்தான் தூக்க ஏலாது. அதற்குக் காரணம் நீ. கீழே எழுதுகிறேன்.

முதலில் நல்ல செய்தி. ஓகஸ்ட் இரண்டாம் திகதி நாங்கள் விமானம் ஏறுவது உறுதி. பதினாலு வருசத்துக்குப் பிறகு உன் முகத்தைப் பார்க்கப் போகிறேன். அடுத்த செய்தி, அம்போசெலி வனத்தில் சிங்கம் பார்க்கும் மூன்று நாள் பயணம் தவறிப்போய்விட்டது. நீ கவலைப்படாதே. நானும் படவில்லை.

ஆபிரிக்காவுக்கு வருகிறவர்கள் மிருகம் பார்க்காமல் போகலாமோ என்று மாசியில் எழுதியவன் நீதான். அதை மகேந்திரராசா உரத்து வாசித்துவிட்டான். எங்கள் அம்மாவின் பெயரை வைத்த பூரணிக்கு இப்போது ஒன்பது வயது, பிரெஞ்சில் வகுப்பிலேயே முதலாவது என்று போன கடிதத்திலும் எழுதினேன், அதற்கு முந்தியதிலும் எழுதினேன், அவள் அன்றைக்கே ஒரு சிங்கப் படத்தைச் சுவரில் ஒட்டினாள், அதுவும் என் கட்டிலுக்கு நேரே, வாயைத் திறந்த சிங்கம். நானாவது சும்மா இருந்திருக்கலாம். மடுத்தீன் தம்பியின் கடையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டு நிற்கும்போது, சிங்கம் பார்க்கப் போகிறோம் என்று சொல்லிவிட்டேன். அவர் தராசை அப்படியே விட்டுவிட்டு, "அக்கா, உங்களுக்குப் பயமில்லையோ?" என்று கேட்டார். கடையில் எட்டுப் பேர் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். "ஏன், சிங்கமெல்லோ பயப்பட வேணும்!" என்றேன். அதற்குப் பிறகு நான் எந்த முகத்தோடு பின்வாங்குவது?

அந்த வாய்க்கு முதல் கூலி மஞ்சள் காய்ச்சல் ஊசி. அதுதான் கை. பிறகு, பயணம் ஒழுங்கு செய்கிற பாண்டிச்சேரிக்காரர் அந்துவான் ஒரு தாள் தந்தார். பூரணி அதை வாசித்துத் தமிழில் சொன்னாள். வெள்ளையும் உடுக்கக் கூடாது, பளிச்சென்ற நிறமும் உடுக்கக் கூடாது. மணமுள்ள சாப்பாடு கூடாது. கதைக்கக் கூடாது. என்ன வந்தாலும் வண்டியை விட்டு இறங்கக் கூடாது. உன் அத்தான் போன நாளிலிருந்து நான் வெள்ளைச் சேலையைத் தவிர வேறொன்றும் உடுத்ததில்லை என்று உனக்குத் தெரியும். கோசலை காக்கிக் காற்சட்டை ஒன்று வாங்கி வந்து காட்டினாள், நான் பார்த்த பார்வையில் அதைத் தானே வைத்துக்கொண்டாள். கடைசியில் பெரிய பானையில் தேயிலை அவித்து என் இரண்டு சேலைகளை அதற்குள் போட்டோம். அவை ஓரிடத்தில் வெளிறலும் ஓரிடத்தில் கறுப்புமாகத் திட்டுத் திட்டாய் வந்தன. "மாமி, ஒட்டகச்சிவிங்கி கண்டால் சொந்தக்காரர் எண்டு பக்கத்திலை வரும்" என்று கோசலை சொல்லிவிட்டுச் சிரிக்கிறாள். மணமுள்ள சாப்பாடு கூடாதென்றால், உனக்கென்று சுற்றி வைத்த இரண்டு கிலோ பாரைக் கருவாட்டை நான் எங்கே கொண்டுபோய் ஒளிப்பேன்? அது போகட்டும். எனக்கோ சீனி வருத்தம், மணிக்கொரு தரம் சலம் போக எழும்ப வேண்டிய ஆள். ஆறு மணித்தியாலம் இறங்காமல் இருப்பது எப்படி? "ஒரு செடிப் பத்தை மறைவிலை இறங்க விடமாட்டினமோ?" என்று பூரணியைக் கேட்டேன். "அப்பம்மா, அந்தப் பத்தைக்குள்ளைதான் சிங்கம் படுத்திருக்குமாம்" என்று சந்தோசமாய்ச் சொல்லுகிறாள் பிள்ளை.

அந்துவான் எனக்கு முகத்துக்கு நேரே சொல்லியிருந்தார். "அம்மா, வேன்ல உக்கார நாலு பிளாஸ்தான் காலி. வெள்ளிக்கிழமை பன்னெண்டு மணிக்குள்ள வந்திடுங்க. அறுபது வயசுக்கு மேல உள்ளவங்க நேர்ல வந்துதான் கையெழுத்துப் போடணும்." ஆகவே எல்லாம் என் கையெழுத்தில் நின்றது.

நேற்று வெள்ளி. அவருடைய அலுவலகம் திறப்பது பத்து மணிக்கு. பத்தரைக்கு ராகுகாலம் தொடங்கிவிடும், பன்னிரண்டு வரை இருக்கும். மகேந்திரராசா சுவரில் தொங்கும் ஊர்க் கலண்டரைக் காட்டி, "அம்மா, இது யாழ்ப்பாணத்து ராகுகாலம். இஞ்சத்தை நேரத்துக்கு அது காலமை எட்டரைக்கே முடிஞ்சுது. வெளிக்கிடுங்கோ" என்றான்.

"அப்ப இஞ்சத்தை ராகுவுக்கு ஆர் பதில் சொல்லுறது?"

"ரெண்டு ராகு இல்லையம்மா!"

"ஓம், ஒருத்தர்தான். அவர் எந்த மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு திரியிறாரோ ஆர் கண்டது? ரெண்டையும் பார்க்கிறதுதான் புத்தி" என்றேன்.

"அப்ப பத்துக்கும் பத்தரைக்கும் இடையிலை ஓடிப் போட்டு வருவம்" என்றான். அது நியாயம். ஆனால் வெள்ளிக்கிழமையில் முழுகாமல் ஒரு காரியத்துக்குப் புறப்படுவதா? நான் சீயக்காயைக் கரைத்து எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போனேன். வெளியே வந்தபோது பத்து முப்பத்தைந்து. பிறகு தலை காய வேண்டும். நாங்கள் அங்கே போய்ச் சேர்ந்தபோது பன்னிரண்டு பத்து. அந்துவான் கையை விரித்துவிட்டார். "பன்னெண்டு அடிச்ச உடனே லியோன்லேர்ந்து போன் வந்துச்சு, நாலு பிளாஸும் போயிடுச்சே அம்மா!" பக்கத்தில் நின்ற கோசலைக்குக் கேட்கும்படி நானும் பெருமூச்சு விட்டேன்.

தம்பி, உனக்கு மட்டும் எழுதுகிறேன், இதை யாருக்கும் வாசித்துக் காட்டாதே. நான் முழுகி முடித்தது பத்துப் பதினைந்துக்கு. மற்ற இருபது நிமிடமும் தண்ணீரைத் திறந்துவிட்டுச் சும்மா நின்றேன். எனக்குப் பயம். சின்ன வயதில் சந்தியில் நாய் வந்தால் நீ என் பின்னால் ஒளிவாய், நான் கல்லை எடுத்துக்கொண்டு முன்னுக்கு நிற்பேன். இத்தனை வருசத்துக்குப் பிறகு வந்து, உன் கண் முன்னால் ஒரு வண்டிக்குள் இருந்து நடுங்குகிற அக்காவாக இருக்க மனம் வரவில்லை. பூரணி இரவு சாப்பிடாமல் படுத்துவிட்டாள், அது மட்டும் நெஞ்சில் குத்துகிறது. மற்றபடி நாலைந்து மாதத்துக்குப் பிறகு நேற்றுத்தான் நித்திரை கொண்டேன், சுவரில் இருக்கும் சிங்கம்கூடக் கொட்டாவி விடுவது போலத்தான் தெரிந்தது.

ஆகவே நாங்கள் வந்து நிற்கப்போகிற மூன்று கிழமையும் உன் நைரோபி வீட்டில், நாலு சுவருக்குள், கதவைச் சாத்திக்கொண்டு கதைப்போம். கருவாட்டுக் குழம்பு வைத்துத் தருகிறேன். நீ நூறு வயது வரை பல் விழாமல் இருந்து அதைச் சாப்பிட வேண்டும்.

இப்படிக்கு,
உன்னைத் தூக்கித் திரிந்த அக்கா,
நாகரத்தினம்

பி.கு.: கடிதத்தை ஒட்டப் போகும்போது தபாற்காரன் உன் கடிதத்தைத் தந்துவிட்டுப் போனான். மே மாதம் போட்டது இன்றைக்கு வருகிறது! உன்னை அம்போசெலி வனத்துக் காவலர்களின் பிள்ளைகள் படிக்கிற பள்ளிக்கூடத்துக்கு மாற்றிவிட்டார்கள் என்றும், வீடும் வனத்துக்குள்ளேயே தந்திருக்கிறார்கள் என்றும் எழுதியிருக்கிறாய். கடிதத்தோடு வைத்த படத்தில் உன் பின்னால் நிற்கிற நாலும் மரம் என்றுதான் நினைத்தேன். பூரணி வாங்கிப் பார்த்துவிட்டு, "அப்பம்மா, அது ஆனையின்ரை கால்!" என்று குதித்தாள், இன்னும் குதித்துக்கொண்டு இருக்கிறாள், இரண்டு கோப்பை சோறும் சாப்பிட்டுவிட்டாள். கக்கூசு வீட்டுக்கு வெளியே இருபது அடி தள்ளி என்று ஏன் எழுதினாய்? எழுதாமல் விட்டிருக்கலாம். சரி, வருகிறேன். திட்டுத் திட்டுச் சேலையும் கட்டிக்கொண்டுதான் வருகிறேன். மணிக்கொரு தரம் நீ ஒரு தடியோடு எனக்கு முன்னுக்கு நட. இனி உன் முறை.