ஏரிக்கரையிலிருந்து நேரலை

"இன்னாங்க, லூயி சோத்தத் தொட மாட்டேங்குது."

போனில் மனைவி மஞ்சுளா இப்படிச் சொன்னபோது புகழ்வேந்தன் பாகூர் ஏரிக்கரையில் ஒரு பனைமரத்தடியில் உட்கார்ந்திருந்தான். மஞ்சுளாவின் கணக்குப்படி அவன் அப்போது சென்னையில், டிவி ஸ்டுடியோவில், கிரிக்கெட் வர்ணனை செய்துகொண்டிருக்க வேண்டும்.

"ஏனாம்?"

"டிவில வேற எவனோ பேசறான். உங்க கொரலு வந்தாத்தான அது சாப்புடும்?"

உண்மைதான். பதினோரு வருஷமாக அந்த நாய்க்குச் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள அவன் குரல்தான். தெருவுக்கே தெரியும்.

தெருவுக்குத் தெரியாதது ஒன்று உண்டு. பதினைந்து நாளுக்கு முன் ஒரு சிக்ஸரைப் பார்த்துத் தன்னை மறந்து, "இன்னா அடிடா அது!" என்று நேரலையில் கத்திவிட்டான். பன்னிரண்டு வருஷமாக 'என்ன, என்ன' என்று அடக்கி வைத்திருந்த வாய். மறுநாளே சேனலிலிருந்து வேலைநீக்கக் கடிதம் வந்தது. அதில் 'மொழித்தரம்' என்ற சொல் இரண்டு இடத்தில் இருந்தது.

வீட்டில் சொல்ல அவனுக்குத் தைரியம் இல்லை. அந்தக் குரல் இல்லாவிட்டால் ஊரில் அவனை யார் மதிப்பார்கள்? அதற்குப் பிறகு வந்த முதல் ஆட்டமான அன்று, பையை மாட்டிக்கொண்டு சென்னைக்குக் கிளம்புவதுபோல் கிளம்பி இங்கே வந்துவிட்டான்.

"தொண்ட கட்டிக்கிச்சு. இன்னிக்கி வேற ஆளப் போட்டுட்டாங்க."

"அப்ப போன்லியே பேசுங்க. ஸ்பீக்கர்ல போட்டு அது காதாண்ட வெக்கிறேன்."

பேசினான். தொண்டை கட்டியவன் தொண்டை கிழியப் பேசினான். பார்க்காத ஆட்டத்தில் ஒரு ஓவரைப் போட்டு, ஐந்தாவது பந்தில் கேப்டனை அவுட்டாக்கினான்.

"இங்க அவரு இன்னும் ஆடிக்கினு இருக்காரேங்க?"

"டிவில லேட்டாதான் வரும். பொறுத்துப் பாரு."

பொறுத்துப் பார்த்தாள். கேப்டன் சதம் அடித்தார்.

"லூயி சாப்டுச்சுங்க" என்று மட்டும் சொல்லி போனை வைத்தாள்.

அடுத்த ஆட்டத்துக்கும் தொண்டை சரியாகவில்லை. அதற்கடுத்ததற்கும் இல்லை. அவள் கூப்பிட, இவன் கத்த, எருமை மேய்க்கும் தங்கவேல் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். மறுமுறை மூன்று பேரைக் கூட்டி வந்தார்; அதில் ஒருவர் வில்லியனூர்ப் பக்கம் பால் ஊற்றுகிறவர். "இந்த தபா யாரையும் அவுட்டாக்காத தம்பி, மனசு கஷ்டமாயிடுது" என்று கேட்டுக்கொண்டார். ஒளிந்துகொள்ள வந்த இடத்தில் ரசிகர் மன்றம் கிளம்பிவிட்டது.

புதன்கிழமை பன்னிரண்டு மணிக்கே போன் வந்தது.

"லூயி வாந்தி எடுத்துட்டு சாஞ்சிடுச்சுங்க. ஆட்டோல வில்லியனூர் டாக்டராண்ட போய்க்கினு இருக்கேன்."

"ஸ்பீக்கர்ல போடு, பேசறேன்."

"பேச்சு வாணாங்க. எங்க இருந்தாலும் உடனே வாங்க."

எழுந்து ஓடினான். பத்தடியில் நின்றுவிட்டான். இங்கிருந்து வில்லியனூர் அரைமணி. சென்னையிலிருந்து மூன்றரை மணி. அரைமணியில் போய் நின்றால் எல்லாம் அம்பலமாகிவிடும்.

திரும்பி வந்து உட்கார்ந்தான். குட்டியாக இருந்தபோது லூயி அவன் செருப்பின் மேல் தலை வைத்துத் தூங்கியது நினைவுக்கு வந்தது. வெட்கமில்லாமல் அழுதான்.

"போய்த் தொலையேன் தம்பி" என்றார் தங்கவேல்.

"எப்படிண்ணே போறது? பஸ்ஸு இன்னும் செங்கல்பட்டே தாண்டலியே."

திண்டிவனம் தாண்டியிருக்கும் என்று தோன்றியபோது தங்கவேலின் மொபெட்டை வாங்கிக்கொண்டு கிளம்பினான். டாக்டர் வீட்டு வாசலில் பஸ்ஸில் வந்தவன்போல் தலையைக் கலைத்துக்கொண்டான்.

மேஜையில் லூயிக்கு மூச்சு மட்டும் இழுத்துக்கொண்டிருந்தது. மஞ்சுளா எழுந்து இடம் விட்டாள். அவன் குனிந்து நாயின் காதோடு வாயை வைத்து, "லூயி, நான் வந்துட்டேன், பாருடா" என்று கத்தினான். அது கண்ணைத் திறந்து அவனைப் பார்த்தது. வால் ஒருமுறை அசைந்தது. பிறகு மூச்சும் நின்றுவிட்டது.

"என் கொரலக் கேக்கத்தான் உசுரப் புடிச்சிக்கினு இருந்திருக்கு" என்று அவன் கதறினான்.

ஊசியைக் கழற்றிக்கொண்டிருந்த கம்பவுண்டர் இருசப்பன் நிமிர்ந்து பார்த்தார்.

"அதுக்குக் காது கேக்காம போயி ஒரு வருசம் ஆவுது சார், அம்மாவாண்ட அப்பவே சொல்லிட்டேன், ஏரிக்கரைலேருந்து வர்றதுக்கு இன்னா இவ்ளோ நேரம்னுதான் அவங்க மூணு மணி நேரமா கேட்டுக்கினு இருந்தாங்க."