மடுல்சீமைக் கிணற்றில் கடற்பீச்சி

வாளியை இறக்கத் தனுஜா கயிற்றை இறுகப் பிடித்ததும், அதில் ஒட்டியிருந்த ஏதோ ஒன்று அவள் முகத்தில் தண்ணீரைப் பீச்சியடித்தது.

துடைத்துக்கொண்டு உற்றுப் பார்த்தாள். பெருவிரல் பருமன். தடித்த தோல், மேலே இரண்டு துவாரம். கடலடியில் ஒட்டி வாழும் கடற்பீச்சி! திருகோணமலையில் அவள் ஆராய்ச்சி செய்வதே இதைப் பற்றித்தான். விடுமுறைக்கு நேற்றுத்தான் மடுல்சீமைக்கு வந்திருந்தாள். ஆனால், தேயிலை மலையில் இது எப்படி?

படம் எடுத்து விரிவுரையாளர் ஜெனீராவுக்கு அனுப்பினாள். உடனே அழைப்பு வந்தது.

"சந்தேகமே இல்ல. கப்பலுக்கு அடியில ஒட்டிக்கொண்டு வந்து நம்மட துறைமுகத்துல பரவுற அதே இனம். எங்க எடுத்தீங்க?"

"எங்க லயத்துக் கெணத்துல, மிஸ்."

"அது கடல் தண்ணியில மட்டுந்தான் வாழும், தனுஜா."

"இப்பத்தான் என் மூஞ்சியில பீச்சுச்சு, மிஸ்!"

"ஒருத்தரையும் தண்ணி எடுக்க விடாதீங்க. நான் வாறன்."

அதற்குள் பக்கத்து வீட்டு அழகையா குடத்தோடு வந்துவிட்டார்.

"தண்ணி எடுக்காதீங்க மாமா. கெணத்துல கடல் உயிர் இருக்கு."

அவர் ஒரு கை அள்ளிக் குடித்தார். "அட ஆமா, உப்புக் கரிக்குது!"

தனுஜாவும் குடித்தாள். கரித்த மாதிரியும் இருந்தது, கரிக்காத மாதிரியும் இருந்தது.

மலைக்கு அடியில் கடல் வந்துவிட்டதாக லயத்து வரிசை வீடுகள் முழுக்கப் பேச்சு. ஒரு வீட்டில் மூட்டையே கட்டிவிட்டார்கள்.

"பதுளைக்குப் போயிருவோம்."

"பதுளை நம்மளவிடப் பள்ளமாச்சே! அதுதான் மொதல்ல முழுகும்!"

"யாரும் போக வேணாம். கெணத்த எறைச்சுப் பார்த்தா தெரிஞ்சுபோகும்" என்றாள் தனுஜா.

மரக்கறித் தோட்டம் போட்டிருந்த ஜெயகுமார் தன் தண்ணீர் மோட்டரைக் கொண்டுவந்து பூட்டினான். அடி தெரிந்தது. சேறு, ஒரு தவளை, யாரோ தொலைத்த செம்பு. கடலைக் காணோம்.

கொழுந்து பறித்துவிட்டு வந்த பெண்களுக்குக் கால் கழுவக்கூடத் தண்ணீர் இல்லை. எல்லோரும் தனுஜாவை முறைத்தார்கள். அவள் கிணற்றடியிலேயே உட்கார்ந்தாள். கைபேசி அடித்தது. ஜெனீரா மிஸ்.

"பதுளைக்கு வந்துட்டன். பேராசிரியரும் கூட வந்திருக்காரு!"

அப்போதுதான் கூடையை இறக்கிய, அவள் வீட்டுப் பெரியாயி அக்கா, கயிற்றை இழுத்துப் பார்த்துத் திருப்தியாகச் சிரித்தார்.

"பழசு அறுந்துபோச்சுன்னு, ஒன் பெட்டியச் சுத்திக் கட்டியிருந்த திருகோணமலைத் துறைமுகத்துக் கயித்தத்தான் காலையில அவுத்துப் போட்டேன், நல்ல கெட்டி இல்ல?"